குதிரைக்குத் தொட்டி, சாரதிக்கு என்ன?

எழுத்தாளர் ஒருவருக்கு நினைவுச் சின்னம் எழுப்புவோர் அவர் எழுதியதைப் போற்றுகின்றனரா, அன்றி அவர் எழுதியதிலிருந்து தம்மைக் காத்துக்கொள்கின்றனரா? இலக்கிய வரலாற்றில் அடிக்கடி எழவேண்டிய இக்கேள்வி அடிக்கடி எழுவதில்லை. சிலைகளையும் மண்டபங்களையும் பற்றி இவ்வாறு கேட்பதை எம்மிற் பலர் ஒப்புக்கொள்வர். தாகந் தீர்க்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் இவ்வாறு கேட்கலாமா என்றால் முகஞ் சுளிப்பர். வாயில்லாச் சீவனுக்கு வார்த்த தண்ணீரிலும் வர்க்கத்தைத் தேடுவதா என்பர். தேடத்தான் வேண்டும் என்பதே எமது வாதம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது அன்னா சியூவெல் என்னும் ஆங்கில எழுத்தாளரின் பெயரால் அமைந்த இரு வீதியோரத் தொட்டிகளை. ஒன்று அமெரிக்காவில், கனெற்றிகட் மாநிலத்து அன்சோனியா நகரப் பொது நூலகத்தின் அருகில் 1892 இல் வைக்கப்பட்டது. மற்றையது இங்கிலாந்தில், நோர்விச் நகரில், சியூவெல் பூங்காவின் வாயிலில் 1917 இல் வைக்கப்பட்டது. இரண்டும் குதிரைகள் நீர் அருந்துவதற்காகக் கல்லில் அமைந்தவை. இரண்டும் ஒரே ஒரு நூலை எழுதிய ஒரே ஒரு பெண்ணின் நினைவுக்கு உரியவை. அந்நூல் ‘பிளாக் பியூட்டி’.

சியூவெல் 1820 இல் யார்மத் துறைமுகத்தில் ஒரு குவேக்கர் குடும்பத்திற் பிறந்தார். பதினான்கு வயதளவில் விழுந்து காலில் ஏற்பட்ட ஊனம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. நடக்கமுடியாதவருக்குக் குதிரை வண்டியே காலாயிற்று. தந்தையை வண்டியில் ஏற்றிச் செல்லும் நாளாந்தப் பழக்கத்தில் அவர் குதிரையை அறிந்தார். குதிரையோடு வாழும் மனிதரையும் அறிந்தார். 1871 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள், எழுந்திருக்கவும் வலுவற்ற நோயாளியாய், சிலவற்றைத் தாமே எழுதியும் சிலவற்றைத் தாயார் மேரி சியூவெல் எழுதிக்கொள்ளச் சொல்லியும் அந்நூலை முடித்தார். நோர்விச் பதிப்பாளர் ஜரோல்ட் நிறுவனத்தார் ஒரேயடியாகக் கொடுத்த சிறு தொகைக்கு அதன் உரிமையைப் பெற்றுக்கொண்டனர். 1877 இறுதியில் நூல் வெளிவந்தது. 1878 ஏப்ரிலில் ஆசிரியர் இறந்தார். பின்னர் அந்நூல் ஐந்து கோடிப் பிரதிகள் வரை விற்பனையானதாக மதிப்பிடப்படுகிறது. அந்தச் செல்வத்தில் எழுதியவருக்குக் கிடைத்தது தொடக்கத்திற் பெற்ற அந்தச் சிறு தொகை மட்டுமே.

குதிரை தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது அந்நூல். செல்வர் வீட்டு இலாயத்திலே தொடங்கி, கைமாறிக் கைமாறி, இலண்டன் வாடகை வண்டிக்கு வந்து, சுமை தாங்காமல் தெருவில் விழும் வரை அக்குதிரை காணும் சமுதாயமே நூலின் பொருள். இன்று இது சிறுவர் நூல் என்று தனித் தட்டில் வைக்கப்படுகிறது. ஆசிரியர் அதனைச் சிறுவர்க்கென எழுதவில்லை. குதிரையோடு தொழில் செய்வோர் படிக்கவேண்டும் என்றே எழுதினார். வளர்ந்தோர் உலகத்தின் மீது சாட்டிய குற்றத்தைப் பிள்ளைகளின் அலமாரிக்கு மாற்றியதே அந்நூலுக்கு நிகழ்ந்த முதல் ‘கௌரவம்’ எனலாம். தொட்டிகள் அதன் பின் வந்தவை.

எதிர்க்கட்சியின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது எமது கடன். அவர்கள் கூறுவது இது: எழுத்தாளர்க்குப் பயனற்ற சிலை வைப்பதினும் பயனுள்ள தொட்டி வைப்பது மேல். சியூவெல் கேட்டது குதிரைக்கு இரக்கம். தொட்டி அந்த இரக்கத்தின் கல்வடிவம். நூலின் கருத்தும் சின்னத்தின் பயனும் இவ்வளவு பொருந்திய வேறொரு நினைவகத்தைக் காட்டமுடியுமா? மேலும், அந்நூலின் விளைவாகவே, குதிரையின் தலையை இழுத்து நிமிர்த்திக் கட்டும் கொடிய வார் செல்வர் வண்டிகளிலிருந்து மெல்ல மறைந்தது. ஆகவே இரக்கம் வென்றது. தொட்டி அவ்வெற்றியின் அடையாளம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மூச்சுக்குழலை நெரிக்கும் அந்த வார் ஒழிந்ததில் சியூவெலின் பங்கு பெரிது. அவருடைய சவ ஊர்வலத்திற்கு வந்த குதிரைகளின் தலைகளும் அவ்வாறே நிமிர்த்திக் கட்டப்பட்டிருந்தன என்றும், தாயார் அதைக் கண்டு உடனே அவிழ்க்கச் செய்தார் என்றும் சொல்லப்படுகிறது. வேனிலில் இரும்புச் சக்கர வண்டியை இழுத்து வந்த குதிரைக்கு ஒரு தொட்டித் தண்ணீர் எவ்வளவு பெரியது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆவுரஞ்சிக் கல்லும் சுமைதாங்கியும் கண்டு வளர்ந்த எமது வாசகர்க்கு அதை விளக்கவேண்டியதுமில்லை. நாம் மறுப்பது, அந்நூல் கேட்டது இவ்வளவே என்ற கூற்றைத்தான்.

முதலில், வீதியோரத்திலே தண்ணீர் ஏன் ஒருவருடைய தருமமாக இருக்கவேண்டியிருந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் தண்ணீர் தனியார் கம்பனிகளின் சரக்கு. எட்டுக் கம்பனிகள் நகரைப் பங்குபோட்டு விற்றன. 1854 இல் புரோட் வீதிப் பம்பியைச் சுற்றி 600 பேருக்கு மேல் வாந்திபேதியால் மாண்டனர். மாசடைந்த நீரே கொலையாளி என்று மருத்துவர் ஜோன் சுனோ வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்துக் காட்டினார். ஐந்தாண்டுகளின் பின், 1859 ஏப்ரில் 21 ஆந் திகதி, ஹோபோர்னில் புனித செபல்கர் தேவாலயச் சுவரில் முதலாவது இலவசக் குடிநீர் ஊற்றுத் திறக்கப்பட்டது. அதை அமைத்த சங்கத்தை நிறுவியவர் சாமுவேல் கேர்ணி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். நோர்விச்சில் வேரூன்றிய குவேக்கர் வங்கியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1867 இல் அச்சங்கம் கால்நடைத் தொட்டிகளையும் தன் பெயரிற் சேர்த்துக்கொண்டது. தாகத்திற்குத் தவறணையை நாடிய தொழிலாளியை அங்கிருந்து விலக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

இதன் பொருளாதாரத்தை உற்று நோக்குக. கம்பனிகள் தண்ணீரை விற்கும் உரிமை தீண்டப்படவில்லை. விற்கப்படும் தண்ணீரில் ஒரு துளியைச் செல்வர் வாங்கி ஏழைக்கும் எருதுக்கும் குதிரைக்கும் வார்த்தனர். வார்த்த இடத்தில் தம் பெயரையோ தமக்குகந்தவர் பெயரையோ பொறித்தனர். இலண்டனின் தண்ணீர் பொதுச் சபையொன்றின் கைக்கு வந்தது 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், 1904 இல். ஊற்றுக்களின் ஈகை தொடங்கியதற்கும் தண்ணீர் பொதுவுடைமையானதற்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. தருமத்தால் ஒரு தேவை ஓரளவு தணிந்துவிட்டால் உரிமை பற்றிய கேள்வி பின்தள்ளப்படும். உலகெங்கும் கொடையின் வரலாறு காட்டும் பாடம் இது.

இனி நூலுக்கு வருவோம். ‘பிளாக் பியூட்டி’யின் முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு மனிதன் வருகிறான். அவனைக் கந்தல் சாம் என்று அழைக்கின்றனர். குதிரையைக் கடுமையாக ஓட்டி வந்ததற்காகச் சக சாரதி ஒருவர் அவனைக் கண்டிக்கிறார். அப்போது அவன் தன் கணக்கை எடுத்து விரிக்கிறான். வண்டியும் இரு குதிரைகளும் அவனுடையவையல்ல. நாளொன்றுக்கு 18 சிலிங் வாடகைக்கு எடுத்தவை. குதிரை ஒன்றிலிருந்து 9 சிலிங் உழைத்து முதலாளிக்குக் கொடுத்த பின்னரே அவனுடைய வயிற்றுக்கான முதற் காசு தொடங்கும். பதினான்கு, பதினாறு மணி நேர வேலை. பத்துப் பன்னிரண்டு வாரமாக ஞாயிறு ஓய்வு என்பதே இல்லை. குதிரைக்கு இரங்கினால் பிள்ளைகள் பட்டினி. குதிரையின் நலத்தைப் பார்க்கவேண்டியவர் முதலாளிமார். எம்மால் இயலாது என்பதே அவன் கூறும் மறுமொழியின் சாரம். சில நாட்களில் அவன் நோயுற்று, தன் முதலாளியின் பெயரையும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையையும் பிதற்றியவாறே இறக்கிறான்.

அந்த முதலாளிக்கு ஆசிரியர் வைத்த பெயர் ஸ்கின்னர். தோலுரிப்பவன் என்று பொருள்படும். பின்னொரு நாள் கதைநாயகனாகிய குதிரையும் அதே ஸ்கின்னரிடம் விற்கப்படுகிறது. பாரந் தாங்காமல் லட்கேற் மேட்டில் வீழ்கிறது. சாரதியைக் கொன்றவனும் குதிரையை வீழ்த்தியவனும் ஒருவனே. இது தற்செயலான கதையமைப்பன்று. சாட்டை சாரதியின் கையில் இருக்கிறது. சாட்டையை வீசச் செய்யும் கை முதலாளியுடையது என்று அந்நூல் தெளிவாகச் சுட்டுகிறது. காலூனமுற்ற ஒரு பெண், எந்த அரசியற் கட்சியிலும் சேராதவர், பொருளியல் நூல்களின் துணையின்றி, நாள்வாடகை முறையின் உட்பொறியைச் சாமின் வாய்மொழியாகப் பிரித்துக் காட்டிவிட்டார்.

தொட்டி இதில் எதை நினைவூட்டுகிறது? குதிரையின் தாகத்தை. சாமின் 18 சிலிங்கை எந்தக் கல் நினைவூட்டுகிறது? நாமறிந்த வரையில், இரு தொட்டிகளும் குதிரைக்கே உரியவை. நூலில் ஒன்றாய்ப் பிணைந்திருந்த இரு துன்பங்களை அவை வெட்டிப் பிரித்துவிட்டன. விலங்கின் துன்பத்தைக் கல்லில் ஏற்றி, மனிதனின் துன்பத்தைக் காற்றில் விட்டன. இதுவே எமது குற்றச்சாட்டு.

சாமுக்குக் கிடைத்தது எதுவுமில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது, ஆனால் ஈகையாற் கிடைக்கவில்லை. நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகளின் பின், 1894 இல், இலண்டன் வாடகை வண்டிச் சாரதிகள் நாள்வாடகையைக் குறைக்கக் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். முதலாளிமாரும் சாரதிகளும் இணங்காத நிலையில் உள்நாட்டமைச்சர் அஸ்குவித் இடைநின்று, பருவத்திற்கேற்ப நாள்வாடகைக்கு ஓர் அளவைத் தீர்ப்பாக வழங்கினார். சாம் தனியே நின்று பிதற்றிய கணக்கை, ஆயிரக்கணக்கான சாம்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசி மாற்றத் தொடங்கிய நாள் அது. அந்தப் போராட்டத்தின் நினைவாக இலண்டன் தெருவில் எந்தச் செல்வர் எந்தத் தொட்டியை அமைத்தார்?

அன்சோனியாத் தொட்டிக்கு வருவோம். அதனைக் கொடுத்தவர் கரோலின் பெல்ப்ஸ் ஸ்ரோக்ஸ் என்னும் அம்மையார். அந்த நூலகமும் அவர் கொடையே. அந்நகரின் பெயரே அவருடைய தாய்வழிப் பாட்டனார் அன்சன் கிரீன் பெல்ப்சின் பெயரிலிருந்து வந்தது. செம்பு, பித்தளை ஆலைகளால் எழுந்த நகர் அது. பாட்டனார் தம் மருகருடன் 1834 இல் தொடங்கிய பெல்ப்ஸ் டொட்ஜ் வணிக நிறுவனம், அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தியை இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கிருந்து தகரம், செம்பு முதலிய உலோகங்களை வருவித்து வளர்ந்தது. 1834 இல் அப்பருத்தியைக் கொய்த கைகள் அடிமைகளின் கைகள் என்பதை எவரும் அறிவர்.

அம்மையார் கொடியவர் என்று நாம் கூறவில்லை. நியூயோர்க்கில் ஏழைகளுக்கு வீடுகள் அமைப்பதில் அவர் அக்கறை காட்டினார். 1909 இல் அவர் இறந்த பின், அவருடைய உயிலின்படி 1911 இல் நிறுவப்பட்ட நிதியம் கறுப்பின மக்களின் கல்விக்கு உதவியது. தனி மனிதரின் நெஞ்சத்தை அளப்பது எமது வேலையன்று. செல்வம் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதை அளப்பதே எமது வேலை.

அச்செல்வத்தின் ஊற்றான பெல்ப்ஸ் டொட்ஜ் பின்னர் அரிசோனாவின் செம்புச் சுரங்கங்களுக்கு அதிபதியாயிற்று. 1917 யூன் இறுதியில் பிஸ்பீ நகரச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். யூலை 12 ஆந் திகதி அதிகாலையில், கம்பனியின் ஏற்பாட்டில், ஷெரிப் வீலரின் தலைமையில் ஏறத்தாழ 2,000 ஆயுதபாணிகள் வீடுவீடாகப் புகுந்தனர். ஏறக்குறைய 1,300 பேர் துப்பாக்கி முனையிற் பிடிக்கப்பட்டு, கால்நடை ஏற்றும் புகையிரதப் பெட்டிகளில் அடைக்கப்பட்டனர். எருவின் மேல் நின்றபடி, கொளுத்தும் கோடையில், உணவின்றி, மிகச் சிறிதளவு தண்ணீருடன், சுமார் பதினாறு மணிநேரம் பாலைவனத்தினூடே கொண்டுசெல்லப்பட்டு, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் இறக்கிவிடப்பட்டனர். திரும்பி வரக்கூடாது என்ற எச்சரிக்கையோடு விடப்பட்டனர். பின்னர் வழக்குத் தொடரப்பட்டது; மத்திய அரசுக்கு அவ்வாறு தண்டிக்க அதிகாரமில்லை என்று 1920 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது. எவரும் தண்டனை பெறவில்லை.

ஸ்ரோக்ஸ் அம்மையார் அப்போது உயிரோடில்லை. அவர் குடும்பக் கிளை அந்தக் கம்பனியின் நிருவாகத்தை நடத்தவுமில்லை. பிஸ்பீயின் கொடுமையை அவர் மீது சுமத்துவது அநீதி. ஆயினும் ஒரே செல்வ மரத்தின் இரு கிளைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதை எவரும் தடுக்கமுடியாது. ஒரு கிளையில் குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி. மறு கிளையில் தொழிலாளிக்குக் கால்நடைப் பெட்டி. ஓரிடத்தில் விலங்கு மனிதனைப்போல் இரங்கத்தக்கதாயிற்று. மற்றோரிடத்தில் மனிதன் விலங்கைப்போல் ஏற்றப்பட்டான். குதிரை சங்கம் அமைக்காது, கூலியுயர்வு கேளாது, வேலைநிறுத்தஞ் செய்யாது. அதனாலேயே அதற்கு இரங்குவது முதலாளித்துவ மனச்சாட்சிக்கு எளிதாயிற்று. வாயில்லாச் சீவனுக்கு வார்க்கும் நீர், வாயுள்ளவன் கேட்கும் கேள்வியிலிருந்து தப்பும் வழியாகவும் ஆகலாம்.

அமெரிக்காவில் அந்நூலைப் பரப்பியவர் ஜோர்ஜ் ஏஞ்சல். மசசூசெற்சில் 1868 இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். 1890 இல் அந்நூலின் மலிவுப் பதிப்பை வெளியிட்டு, குதிரையின் ‘அங்கிள் டொம்ஸ் கபின்’ என்று அதற்கு விருதுப் பெயர் சூட்டினார். பிறநாட்டு ஆசிரியரின் உரிமையைக் காக்கும் சட்டம் 1891 வரை அமெரிக்காவில் இல்லை. ஆகவே எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பிரதிகள் பரவின. சாரதிகளுக்கும் இலாயக்காரருக்கும் இலவசமாக வழங்கப்பட்டன. ஏஞ்சலின் உழைப்பை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் ‘அங்கிள் டொம்ஸ் கபின்’ என்ற ஒப்புமையைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். ஸ்டோ அம்மையாரின் நூலைப் படித்தவர்கள் அடிமைகளை அன்போடு நடத்துங்கள் என்று கூறி நின்றுவிடவில்லை. அடிமைமுறை ஒழியவேண்டும் என்ற இயக்கம் அதனால் வலுப்பெற்றது. குதிரையின் ‘அங்கிள் டொம்ஸ் கபி’னுக்கோ அன்பு போதும் என்று தீர்ப்பாயிற்று. நூலைச் சாரதியின் கையிற் கொடுத்து, நீ இரக்கமுள்ளவனாய் இரு என்றனர். ஸ்கின்னரின் கையிற் கொடுத்து, நீ வாடகையைக் குறை என்று கூறியோர் எத்தனை பேர்?

இங்கே எமது அணியிலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். சியூவெல் என்ன புரட்சிக்காரரா? அவர் காட்டும் தீர்வும் நல்ல எசமானும் ஞாயிறு ஓய்வும் மதுவிலக்குந்தானே? அத்தகைய மத்தியதர வர்க்கத்துப் பக்திப் பெண்ணுக்குத் தொட்டியே பொருத்தமான சின்னம். அதற்கேன் இவ்வளவு ஆத்திரம்? இது விரைவில் வழங்கப்பட்ட தீர்ப்பு. நூலின் தீர்வு பலவீனமானது என்பதை நாம் ஒப்புகிறோம். ஜெரி பாக்கர் என்ற சாரதியைப் பாருங்கள். குடியான், பொய் சொல்லான், குதிரையை அடியான், ஞாயிறு வேலை செய்யான். நூலாசிரியர் படைத்த உத்தம மனிதன் அவனே. சொந்தக் குதிரைகள் உடையவனாதலால் ஸ்கின்னரின் பிடியிலும் இல்லை. ஆயினும், புதுவருடத்திற்கு முந்திய இரவில், சீட்டாடும் கனவான்களுக்காகக் குளிரிற் காத்து நின்று நெஞ்சு நோயுற்று, அத்தொழிலையே கைவிடுகிறான். அவனைக் காப்பாற்றுவது அவன் மனைவி முன்னர் வேலை செய்த வீட்டு எசமானியின் கருணை. அதாவது, நாவலுக்குள்ளேயே ஒரு தொட்டி வைக்கப்படுகிறது.

எனினும் ஒரு படைப்பை அதன் முடிவுரையால் மட்டும் அளக்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்கவேண்டும். எழுத்தாளரின் கொள்கை அவரது வகுப்பின் எல்லைக்குள் நிற்கலாம். கண் அந்த எல்லைக்கு அப்பாலும் போகும். பல்சாக்கைப் பற்றி ஏங்கெல்ஸ் கூறியதை மாணவர்க்கு எடுத்துரைக்கும் நாம், அதே அளவுகோலைச் சியூவெலுக்கும் பிடிக்கவேண்டாமா? உத்தமனான ஜெரியாலும் அத்தொழிலில் நிலைக்கமுடியவில்லை என்று எழுதியபோது, தனிமனித நல்லொழுக்கம் போதாது என்பதைத் தம் கொள்கையையும் மீறி அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சாமின் மரணத்திற்கு எந்த நல்ல எசமானியும் வந்து சேரவில்லை என்பதையும் கவனிக்க. அவ்வகையில் நூல் தன் ஆசிரியரின் நம்பிக்கையைவிடக் கூர்மையானது. தொட்டியோ நூலைவிட மழுங்கியது. நூலின் பலவீனமான பகுதியைத் தேர்ந்தெடுத்து அதற்கே கல்லெழுப்பினர்.

நோர்விச் தொட்டி 1917 இல் வைக்கப்பட்டது. கொடுத்தவர் சியூவெலின் சகோதரர் மகள் அடா சியூவெல். குடும்பப் பாசத்தைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஆனால் ஆண்டைப் பாருங்கள். பிஸ்பீயின் ஆண்டு அது. ரஷ்யத் தொழிலாளர் ஆட்சியைக் கைப்பற்றிய ஆண்டும் அதுவே. ஐரோப்பாவின் சேற்றில் ஏகாதிபத்தியங்கள் மனிதரையும் குதிரைகளையும் சேர்த்துப் புதைத்துக்கொண்டிருந்தன. முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் படை மட்டும் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் இழந்தது. எல்லாத் தரப்பிலுமாக மாண்டவை எண்பது லட்சம் என்று மதிப்பிடுவர். ‘பிளாக் பியூட்டி’யில் கிரைமியப் போரிலிருந்து மீண்ட கப்டன் என்ற கிழக் குதிரை உண்டு. அவர்கள் எதற்காகச் சண்டையிட்டனர் என்று கதைநாயகன் கேட்க, அது குதிரையின் அறிவுக்கு எட்டாதது. கடல்கடந்து போய்க் கொல்லவேண்டியிருந்தால் எதிரிகள் மிகப் பொல்லாதவர்களாய்த்தான் இருக்கவேண்டும் என்ற கருத்துப்பட அது விடையிறுக்கிறது. போரை இதைவிட அமைதியாகவும் ஆழமாகவும் பழித்த பகுதிகள் அக்கால ஆங்கில நாவலிற் சிலவே. குதிரைகள் லட்சக்கணக்கிற் செத்துக்கொண்டிருந்த 1917 இல், அப்பகுதியை நினைவூட்ட எவர் துணிந்தார்? வீதியிலே ஒரு குதிரை நீரருந்தியது. போர்முனையிலே ஆயிரம் குதிரைகள் சேற்றில் அமிழ்ந்தன. இரண்டிற்கும் இடையே இருந்த அந்நூலைப் பேச எந்தக் கல்லுக்கும் வாயில்லை.

அவருடைய கல்லறைக்கு நிகழ்ந்ததும் கூறத்தக்கது. நோர்விச்சுக்கு அண்மையிலுள்ள லாமாஸ் கிராமத்தில் குவேக்கர் இடுகாட்டில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அந்நிலம் பின்னர் தனியார் உடைமையாயிற்று. 1984 இல் அவ்விடுகாடு இயந்திரத்தால் இடித்துச் சமமாக்கப்பட்டது, ஊரார் எதிர்த்தனர், நினைவுக் கற்கள் மட்டும் மீட்கப்பட்டுச் சுவரிற் பதிக்கப்பட்டன. தொட்டி வைத்துப் போற்றிய சமுதாயத்தின் சொத்துரிமை, அவர் எலும்புகள் கிடந்த மண்ணையும் விட்டுவைக்கவில்லை. சின்னம் எழுப்புவது மதிப்புக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குதிரை வண்டிகள் வீதியிலிருந்து மறைந்துவிட்டன. இங்கிலாந்தில் இத்தகைய தொட்டிகள் பலவற்றில் இன்று பூஞ்செடிகள் நடப்பட்டுள்ளன. வழிப்போக்கர்க்கு அவை அழகுப் பொருள்கள். குதிரையின் தேவை தீர்ந்ததும் தொட்டியின் பொருளும் தீர்ந்துவிட்டது. சாமின் தேவை தீர்ந்ததா? நாள்வாடகையையோ கடன் தவணையையோ முதலிற் கட்டிவிட்டுப் பின்னரே தன் வயிற்றைப் பார்க்கும் சாரதி உலக நகரங்கள் எங்கும் இன்றும் இருக்கிறான். குதிரையின் இடத்தில் எந்திரம் வந்தது. ஸ்கின்னரின் இடத்தில் கம்பனி வந்தது. 18 சிலிங்கின் இடத்தில் வேறு நாணயம் வந்தது. கணக்கின் வடிவம் மாறவில்லை. ஆகவே முப்பத்தொன்பதாம் அத்தியாயம் இன்னும் பழையதாகவில்லை.

எழுத்தாளர்க்கு நினைவுச் சின்னமே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. தண்ணீர் வேண்டும், நூலகம் வேண்டும், விலங்கிற்கு இரக்கமும் வேண்டும். ஆனால் தண்ணீர் உரிமையாகவேண்டும். நூலகம் ஊராரின் உடைமையாகவேண்டும். இரக்கம் சாட்டையைப் பிடித்த கையோடு நின்றுவிடாமல், அக்கையை ஏவும் கணக்குப் புத்தகம் வரை செல்லவேண்டும். ஒரு நூல் எழுப்பிய கேள்விக்கு விடையாகச் சின்னம் நிற்குமாயின், அச்சின்னத்தை நோக்கி அதே கேள்வியை மீண்டும் எழுப்புவது வாசகரின் கடமை.

ஆசிரியர்களாகிய எமக்கும் மாணவர்களுக்கும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘பிளாக் பியூட்டி’யை வகுப்பறைக்குக் கொண்டுவருவோர், அழகிய குதிரையின் படத்தோடு நின்றுவிடாது, கந்தல் சாமின் அத்தியாயத்தை உரத்துப் படிப்பிக்கவேண்டும். 18 சிலிங்கைக் கரும்பலகையில் எழுதவேண்டும். 9 சிலிங் யாருக்குப் போயிற்று, மிகுதி யாருக்கு, பதினாறு மணி நேரத்திற்கு என்ன கூலி என்று மாணவரே கணக்கிடட்டும். அதன் பின் 1894 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தையும் 1917 ஆம் ஆண்டுக் கால்நடைப் பெட்டிகளையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். அன்சோனியாவிலும் நோர்விச்சிலும் தொட்டி வைத்தோர் சொல்லாமல் விட்ட பகுதியை எமது வகுப்பறைகள் சொல்லட்டும்.